வாடகைக்குத்தானே கேட்டோம்?

இனாமாக ஒரு செங்கல் கேட்கவில்லை. புறம்போக்கில் அரை சென்ட் நிலம் கேட்கவில்லை. மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் எண்ணி வைக்கிற காசுக்கு ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையல்கட்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஒரு குளியலறை. இவ்வளவுதான் கேட்டோம். இதைக் கேட்டதற்கு நாங்கள் பட்ட அவமானத்தை இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. கொட்டிவிட்டால்தான் நெஞ்சு ஆறும்.

கும்மிடிப்பூண்டியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயிலில் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டினால் எங்கள் ஊர். கொல்கத்தா நெடுஞ்சாலை, சிப்காட், இரும்பு ஆலைகள். எளாவூர் சோதனைச்சாவடியைக் கடந்தால் கொஞ்ச தூரத்தில் ஆந்திரம். காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் மாலைக்குள் கரித்தூள் படியும் ஊர். வேலை இருக்கிற இடம் என்பதால் நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வருகிறவர்களுக்கு விடுவதற்கென்றே மாடி மேல் மாடி எழும்புகிறது. 'டு லெட்' பலகை தொங்காத தெருவைத் தேடத்தான் வேண்டும். அந்தப் பலகைகள் எல்லாம் ஊர் உலகத்துக்கு. எங்களுக்கு மட்டும் கிடையாது.

ஏனென்றால் நாங்கள் 'முகாம் ஆளுங்க'.

என் அப்பாவும் அம்மாவும் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கத்தவர்கள். 1990 ஜூனில் மறுபடி சண்டை மூண்டபோது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மன்னார்க் கரைக்கு வந்து, படகேறி, ராமேசுவரத்தில் கால் வைத்தவர்கள். மண்டபம் அகதிகள் முகாமில் பெயரைப் பதிந்து, கும்மிடிப்பூண்டி முகாம் என்று எழுதி அனுப்பினார்கள். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லவே அப்பாவுக்கு ஒரு வாரம் ஆயிற்றாம். நான் 1994-ல் பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன். இங்கே அரசுப் பள்ளியில் படித்தேன், பி.காம். முடித்தேன். இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் இருக்கிறேன். லாரிக்கு எடை போட்ட சீட்டைப் பார்த்து பில் போடுகிற வேலை. என் வீட்டுக்காரர் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். இன்டர்வியூவில் எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பேப்பர்களை நீட்டும் இடத்தில் தோற்றுத் தோற்று, எங்கள் முகாம்களின் பாதி இளைஞர்களைப் போல அவரும் பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டார்.

இலங்கையை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் இந்தியப் பிரஜை இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை. அதன் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் ஓர் அக்கா, 1986-ல் மண்டபத்தில் பிறந்தவர், கோர்ட்டுக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 ஏப்ரலில் ஓட்டும் போட்டார். அவர் பிறந்த மண்டபமும் இந்தியாதான், நான் பிறந்த பொன்னேரியும் இந்தியாதான். நான் எட்டு வருஷம் தாமதம். என் அம்மா என்னை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

சரி, குடியுரிமை பெரிய விஷயம், டெல்லி விஷயம். வாடகை வீடு சின்ன விஷயம்தானே? அப்படித்தான் நானும் நினைத்தேன்.

முகாமில் எங்களுக்கு இருந்தது பத்துக்குப் பத்து. அதற்குள் அப்பா, அம்மா, தம்பி, நாங்கள் இருவர், எங்கள் மகள். நடுவில் ஒரு சேலையைக் கட்டினால் அதுதான் சுவர். தம்பிக்குப் பெண் பார்த்தபோது, 'பிள்ளை எங்கே படுக்கும்?' என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. அவர்கள் வீடும் பத்துக்குப் பத்துதான், தெரிந்துதான் கேட்டார்கள். 2021-ல் அரசு முகாம்களைச் சீரமைக்க 317 கோடி ரூபாய் அறிவித்தது, 7,469 வீடுகளைக் கட்டித் தருவதாகச் சொன்னது. கட்டிய இடங்களில் சனங்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருவரும் சம்பாதிக்கிறோம், காசு கொடுத்து வெளியே ஒரு வீடு பிடித்துக்கொண்டால் முகாமில் இருப்பவர்களுக்காவது மூச்சு விட இடம் கிடைக்குமே என்று கிளம்பினோம்.

கேள்விகள் எப்போதும் ஒரே வரிசையில் வரும். 'ஃபேமிலியா, பேச்சுலரா?' ஃபேமிலி. முகம் மலரும். 'ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்களா?' ஆமாம். இன்னும் மலரும். 'சைவமா, அசைவமா?' இது எல்லா ஊரிலும் உள்ளது, அதன் அடியில் என்ன சாதி என்ற கேள்வி ஒளிந்திருப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதையும் தாண்டிவிடுவோம். 'சரிம்மா, ஆதார் ஜெராக்ஸ் குடுங்க.' கொடுப்பேன். அதில் முகவரி இருக்கும்: இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், கும்மிடிப்பூண்டி.

அந்த நொடி ஒரு முகம் எப்படி மூடிக்கொள்ளும் என்பதை நான் மனப்பாடமாக அறிவேன். தாளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு மடித்த மடிப்பிலேயே மறுபடி மடிப்பார்கள். திருப்பி என் கையில் வைப்பார்கள். 'வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா.' வீட்டுக்காரர் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருப்பது வாசலிலிருந்தே தெரியும். 'என் அக்கா பையன் வர்றேன்னு இருக்கான்.' மறுநாள் அதே பலகை அங்கேயே தொங்கும். அக்கா பையன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறான் போலும்.

ஆதார் என்பது குடியுரிமைச் சான்று அல்ல. இந்த நாட்டில் 182 நாள் வசித்தவர்களுக்குத் தருகிற எண். நான் வசித்த நாளை நாட்கணக்கில் எண்ண முடியாது, என் ஆயுசையே எண்ண வேண்டும். அதைக் காட்டினால் கதவு அடைபடுகிறது, காட்டாவிட்டால் கதவு திறப்பதே இல்லை.

இதிலெல்லாம் பெரிய குத்து ஒன்று உண்டு. பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு மூன்று மாடிக் கட்டடம். அதற்கு முழுக்க முழுக்க பெயின்ட் அடித்தது என் வீட்டுக்காரரும் அவருடைய செட்டும். சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல் ரெண்டு கோட் எமல்ஷன். சீலிங் அடிக்கும்போது கண்ணுக்குள் விழுந்து, ராத்திரி எல்லாம் கண் சிவந்து கிடந்தார். அந்த ஓனர் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிடுகிறேன். கூலியைப் பிடித்து வைக்க மாட்டார். தினம் டீ வாங்கிக் கொடுப்பார். 'தம்பி, உன் வேலை சுத்தம்பா. ரோலர் பட்ட இடமே தெரியல' என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தார் என் மனுசன்.

வேலை முடிந்த அன்று, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டாராம். 'சார், இரண்டாவது மாடியில ஒரு வீட்டை எங்களுக்கே குடுங்களேன். வாடகை என்ன சொல்றீங்களோ குடுத்துடுறேன்.'

ஓனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 'தம்பி, உனக்குக் குடுக்கறதுக்கு என்னப்பா? நீ தங்கமான ஆளு. ஆனா நாளைக்கு கியூ பிராஞ்ச் போலீஸ்ல இருந்து நாலு பேர் வந்து வாசல்ல நின்னா நான் என்ன பதில் சொல்றது? மத்த குடித்தனக்காரங்க என்ன நினைப்பாங்க? வேற எதாச்சும் வேலை இருந்தா கண்டிப்பா உன்னைத்தான் கூப்பிடுவேன்.'

அவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். அடுத்த கட்டடத்துக்கும் இவரைத்தான் கூப்பிட்டார். இவரும் போனார். போகாமல்? பெயின்ட் வாளியோடு எல்லா அறைக்குள்ளும் போகலாம், படுக்கையறைச் சுவரைத் தடவித் தடவி வழுவழுப்பாக்கலாம். பாயோடு போனால்தான் ஆகாது.

கடைசியில் வீடு ஒன்று கிடைக்காமல் இல்லை. கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

லைன் வீடு. வரிசையாக ஆறு வீடுகள், பொதுவாக ரெண்டு கக்கூஸ். வாடகை 5,500. பக்கத்து வீட்டுக்காரர்கள் அட்வான்ஸ் 20,000 கொடுத்திருந்தார்கள். எங்களிடம் வீட்டுக்காரர் 50,000 கேட்டார். 'உங்களை நம்பி விடுறதே பெருசு' என்றார். சங்கச் சீட்டை எடுத்து, அம்மாவின் காதில் கிடந்ததை அடகு வைத்துக் கொடுத்தோம். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். அக்ரிமென்ட் என்று வாயைத் திறந்தபோது, 'அதெல்லாம் போட்டா போலீசுக்கு குடுக்கணும், நீங்க மாட்டிப்பீங்க' என்றார். எங்களுக்கு நல்லது செய்வது போலவே சொன்னார். கரண்டுக்கு யூனிட் பத்து ரூபாய். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருவது யாருடைய பாக்கெட்டுக்குப் போகிறது என்று தமிழ்நாட்டின் எல்லா வாடகைக்காரர்களுக்கும் தெரியும். அதில் எங்களுக்கென்று தனி வருத்தம் இல்லை.

தனி வருத்தம் வேறு. முகாமில் செக்கிங் உண்டு. ஆள் இருக்கிறோமா என்று வருவாய்த் துறையிலிருந்து ஆர்.ஐ. வந்து பெயர் கூப்பிடுவார். இல்லாவிட்டால் பதிவை வெட்டிவிடுவார்கள் என்ற பயம் எங்கள் சனத்தின் எலும்புக்குள் இருக்கிறது. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று மாதம் தரும் பணக்கொடை போனால் போகட்டும். அந்தப் பதிவு ஒன்றுதான் இந்தப் பூமியில் நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் உள்ள அத்தாட்சி. முறைப்படி வெளியே குடியிருக்க 'வெளிப்பதிவு' வாங்க வேண்டும். அதற்கு மனுப் போடப் போனால், எந்த முகவரியில் தங்கப் போகிறீர்கள், வீட்டுக்காரர் யார் என்று கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் போனால், முதலில் அந்தப் பதிவைக் காட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் கிடந்து அலைந்தோம். மனு என்ன ஆனது என்று கேட்கப் போனால் 'விசாரணையில் இருக்கு' என்பார்கள். விசாரணை வந்தபாடில்லை. அதுவரை பெயர் முகாமில், படுக்கை லைன் வீட்டில்.

அதை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். வாடகையை 7,000 ஆக்கினார். ஏன் என்று கேட்டேன். கேட்கக் கூடாதா? 'ஏம்மா, முகாம்ல பேர் இருக்கு, இங்க குடித்தனம் பண்றீங்க. ஆர்.ஐ.க்கு ஒரு போன் போட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?' பக்கத்தில் என் மகள் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் உள்ளே போய் மீதி 1,500 ரூபாயை எடுத்து வந்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகும் நிற்கவில்லை. அந்தத் தெருவில் ஏதோ ஒரு திருட்டு. போலீஸ்காரர் ஒருவர் எல்லா வீட்டிலும் பெயர் எழுதிக்கொண்டு போனார். எழுதியதற்கு அப்பால் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் வந்துவிட்டார். 'மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க. என்னால தலைவலி தாங்க முடியாது.' காலி செய்தோம். அட்வான்ஸ் 50,000-ல் எங்கள் கைக்கு வந்தது 18,000. மோட்டார் ரிப்பேர், தண்ணீர்த் தொட்டி கழுவியது, கரண்ட் பாக்கி, 'ஸ்டேஷன் செலவு'. எந்த ஸ்டேஷனுக்கு என்ன செலவு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம்.

வெள்ளையடிக்க! குடிபோகும்போது அந்த வீட்டின் காரை பெயர்ந்த சுவரைச் சுரண்டி, பட்டி வைத்து, தன் சொந்தக் காசில் பெயின்ட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அடித்தது என் வீட்டுக்காரர். அவரிடமே பிடித்தம். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியில் சாமானை ஏற்றினார். கோபப்படுகிற உரிமைகூட இல்லாத ஆண்பிள்ளையோடு ஒரே வீட்டில் வாழ்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியுமா?

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து உரிமையாளர்களுக்கும் வாடகைதாரர்களுக்குமான சட்டம் 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நான் உட்கார்ந்து படித்தேன். எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு என்று அட்டவணையிலேயே இருக்கிறது. படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். ஒப்பந்தமே போடாதவளுக்கு அந்தச் சட்டத்தின் வாசல்படி எது? ஒப்பந்தம் இல்லாத மற்ற வாடகைக்காரர்களாவது தெருவில் நின்று நாலு வார்த்தை கேட்கலாம், சங்கத்தைக் கூட்டலாம், ஸ்டேஷனுக்குப் போகலாம். நாங்கள் ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வி, 'நீ எதுக்கு முகாமை விட்டு வெளிய இருந்தே?'

2021 டிசம்பரில் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி விடுதியில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் கம்பெனிப் பெண் பிள்ளைகள் கெட்டுப்போன சாப்பாட்டால் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. பிறகு வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்தத் தங்கச்சிமாரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நாங்கள் போய் அப்படி ரோட்டில் உட்கார முடியாது. எங்கள் மேல் ஒரு வழக்கு விழுந்தால் அதோடு போயிற்று. வழக்கில் சிக்கியவர்களை அடைத்துவைக்கும் திருச்சி சிறப்பு முகாமின் பெயரைக் கேட்டாலே எங்கள் அம்மாமார் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். கத்துவதற்கும் காகிதம் வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள். என் பெரியம்மா மகள் டொரன்டோவில் இருக்கிறார். எங்களைப் போலவே அகதியாகத்தான் போய் இறங்கினார். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, தொழிற்சாலையில் வேலை பார்த்து, சில வருஷத்தில் அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டார். போன வருஷம் கல்யாணப் பட்டு எடுக்கச் சென்னைக்கு வந்தார். தி. நகரில் சாமான் சட்டியோடு கூடிய ஃபிளாட், ஒரே நாளில் கிடைத்தது. பாஸ்போர்ட்டைக் காட்டினார், வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் 'ஃபார்ம் சி' அடித்து அனுப்பினார், சாவியைக் கொடுத்தார். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்பது விதி, சில நிமிட வேலை. 'எங்களுக்கு இலங்கைத் தமிழ் கேக்கவே ஆசையா இருக்கும்மா' என்று அந்த வீட்டம்மா கொஞ்சினாராம். இந்த நாட்டுச் சட்டத்துக்கு அக்காவும் வெளிநாட்டவர், நானும் வெளிநாட்டவர். அவர் கடலைத் தாண்டிப் போனார், நான் இங்கே பிறந்தேன். அக்காவின் மேல் எனக்கு ஒரு பொல்லாப்பும் இல்லை. என் மகளுக்குச் சைக்கிள் வாங்கித் தந்ததே அவர்தான்.

எங்கள் பக்கத்துக்கே வாருங்கள். தேர்வாய் கண்டிகையில் பிரான்சின் மிச்செலின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. ஜப்பானின் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் இங்கே ஏ.சி. தொழிற்சாலைக்கு 1,891 கோடி ரூபாய் போட 2023-ல் அரசோடு ஒப்பந்தம் செய்தது. எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கிருந்தெல்லாம் அதிகாரிகள் வருவார்கள், வரட்டும், அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தான். அவர்களுக்கு வீடு பார்க்க ஆள், பேப்பர் பார்க்கக் கம்பெனி. மறுபக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் பையன்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை. கான்ட்ராக்டர் தங்க இடம் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் எழுதினார்கள். 2020 ஊரடங்கில் அந்தப் பையன்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் வடக்கே நடந்ததைப் பார்த்தோம். அவர்கள் பாடும் நரகம்தான். ஆனால் நடப்பதற்கு அவர்களுக்கு ஒரு திசை இருந்தது. நான் முகாமிலிருந்து மூட்டையைத் தூக்கினால் எந்தத் திசையில் நடப்பது?

'இந்தியா என்ன சத்திரமா, எல்லா நாட்டவருக்கும் இடம் கொடுக்க?' என்ற பொருள்பட 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி கேட்டார், இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில். சிறைத் தண்டனை முடித்த ஒருவரின் வழக்கு அது. ஆனால் அந்த வார்த்தை அவரோடு நிற்கவில்லை. மறுநாள் டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள், என் வீட்டுக்காரர் கையில் கிளாஸோடு நின்றார். ஐயா, மிகத் தாழ்மையோடு சொல்கிறேன். சத்திரத்தில் சும்மா தங்குவார்கள். நாங்கள் மாதா மாதம் வாடகை தருகிறோம் என்கிறோம். சந்தை விலைக்கு மேலேயே தந்திருக்கிறோம். வாங்கிக்கொண்டு துரத்தியிருக்கிறார்கள்.

அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் 21-வது பிரிவு குடியிருப்பு பற்றியது. மற்ற வெளிநாட்டவருக்குக் கிடைப்பதைவிடக் குறையாத நிலையில் அகதிக்கு இருக்க இடம் கிடைக்க வேண்டும் என்கிறது. கனடா அதில் இணைந்திருக்கிறது. இந்தியா இணையவில்லை. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாட்டின் பெயர் எழுதினார்கள், எங்கள் நாட்டின் பெயரை எழுதவில்லை. அதே 2019-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேரின் குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்கச் சொன்னது. சந்தோஷப்பட்டோம். 2025 செப்டம்பரில் ஓர் உத்தரவு வந்தது: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லாவிட்டாலும் தண்டனை கிடையாது என்று. அதற்கும் சந்தோஷப்பட்டோம். தண்டிக்க மாட்டார்கள் என்பதற்காகச் சந்தோஷப்படும் பிழைப்பு எங்களுடையது. அந்த உத்தரவை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்காரரிடம் காட்டினேன். 'இதுல வீடு குடுக்கச் சொல்லி எங்கம்மா இருக்கு?' என்றார். இல்லைதான்.

மேடையேறினால் நாங்கள் தொப்புள்கொடி உறவு. தேர்தலுக்குத் தேர்தல் அந்த உறவு எங்கள் தெரு முனை மைக்கில் கேட்கும். எங்களுக்காகத் தீக்குளித்த பிள்ளைகள் பிறந்த மண் இது. அந்த நன்றியை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இலங்கைத் தமிழருக்கு வீடு விடவே ஊர் அஞ்சியது என்று அப்பா சொல்வார். அந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கில்லை என்றாலும், அந்தப் பயத்தையும் புரிந்துகொள்கிறேன். ஆனால் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்ததற்கு என் மகள் வரைக்கும் வாடகை கட்ட வேண்டுமா? 2021-ல் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர், வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்கள் 34,087 பேர். அந்த 34,087 பேருக்கும் யாரோ வீடு கொடுத்துத்தானே இருக்கிறார்கள்? அவர்களில் எந்த வீட்டுக்காரர் தலையில் இடி விழுந்தது?

மறுபடி பத்துக்குப் பத்துக்கே வந்துவிட்டோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் தூங்க இடமில்லை. தம்பியின் பெண் வீட்டார் பதில் சொல்லவில்லை. நான் அழுது முடித்துவிட்டேன், கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்.

மாவட்ட ஆட்சியர் ஐயா, வெளிப்பதிவு மனுவுக்கு ஒரு நாள் குறியுங்கள். இத்தனை நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று உத்தரவிடுங்கள். 'இவர்களுக்கு வீடு விடுவதால் உங்களுக்கு வில்லங்கம் இல்லை' என்று முத்திரை வைத்த ஒரு தாளைக் கொடுங்கள், வீட்டுக்காரர்களிடம் நாங்களே காட்டிக்கொள்கிறோம். வாடகைச் சட்டத்தின் கீழ் எங்கள் பெயரிலும் ஒப்பந்தம் பதியலாம் என்று வாடகை அதிகாரிகளுக்குச் சொல்லுங்கள். முகாமை விட்டு வெளியே குடியிருந்தார்கள் என்பதற்காக, ஏமாற்றப்பட்டவர்கள் புகாருடன் வரும்போது குற்றவாளி ஆக்காதீர்கள்.

எங்கள் அட்வான்ஸை வைத்திருக்கும் அண்ணாவுக்கு: உங்கள் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். 50,000 கொடுத்தோம், 18,000 வந்தது. நியாயமான கரண்ட் பாக்கி, மோட்டார் செலவு எல்லாம் கழித்துக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. வெள்ளையடித்த கூலியை மட்டும் நீங்கள் எங்களுக்குத் தர வேண்டும். சுவரைத் தொட்டுப் பாருங்கள், ரோலர் பட்ட இடம் தெரியாது.

வீடு விடும் மற்ற ஐயாமாரே, அம்மாமாரே, எங்களிடம் சம்பளச் சீட்டு கேளுங்கள், கம்பெனியில் விசாரியுங்கள், முன்பு இருந்த தெருவில் கேளுங்கள், மூன்று மாத முன்பணம் வாங்குங்கள், பதினொரு மாத ஒப்பந்தம் போடுங்கள், வாடகை தவறினால் நோட்டீஸ் விடுங்கள். உங்கள் மற்ற குடித்தனக்காரர்களிடம் என்னவெல்லாம் கேட்பீர்களோ அத்தனையும் எங்களிடமும் கேளுங்கள். அதற்கு மேல் ஒன்றையும் கேட்காதீர்கள். இதில் எது உங்களால் முடியாது?